வன்னி வளவில் கோழிக்கூடு: கப்பு நடுவது முதல் கோழி அடைவது வரை

வெளிநாட்டுப் படங்களில் காணும் கோழிக்கூடுகள் கண்ணுக்கு அழகானவை. நாற்புறமும் பலகை அடித்து, சின்ன யன்னல் வைத்து, வர்ணம் பூசிய குட்டி வீடுகள். பனி கொட்டும் ஊர்களில் குளிருக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை அவை. அதே கூட்டை இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ கட்டி வைத்தால், சித்திரைப் புழுக்கத்தில் உள்ளே அடைந்த கோழி வாயைப் பிளந்து இளைக்கத் தொடங்கிவிடும். வன்னிக் கோழிக்குக் குளிர் எதிரியல்ல. புழுக்கம், மாரி ஈரம், இரவில் வரும் கள்ளன் ஆகிய மூன்றும்தான் எதிரிகள்.

ஊர்க்கோழி பகல் முழுவதும் வளவில் கிளறித் திரியும். இரவில் அடையவும் முட்டையிடவும் மட்டுமே அதற்குக் கூடு வேண்டும். ஆகவே மாளிகை தேவையில்லை. காற்றோட்டமுள்ள, நனையாத, நன்றாகப் பூட்டக்கூடிய ஓர் இரவு அறை போதும். கையிலுள்ள காசைக் கூரைக்கும் வர்ணத்துக்கும் கொட்டாமல் தளத்துக்கும் வலைக்கும் கதவுக்கும் செலவிடுங்கள் என்பதே என் கட்சி.

கீழே தரும் அளவுகள் பன்னிரண்டு பேடும் ஒரு சேவலும் அடையும் கூட்டுக்கானவை. நீளம் 6 அடி, அகலம் 4 அடி, தளம் நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரம். கோழி ஒன்றுக்கு ஏறத்தாழ 2 சதுர அடி கிடைக்கும். பகலில் திறந்துவிடும் கோழிக்கு இது தாராளம். நாள் முழுக்க அடைத்து வளர்க்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அவர்களுக்கு வலை அடித்த முற்றமும் சேர்த்துத் தேவைப்படும்.

கட்டுவதற்கு ஏற்ற காலம் பெரும்போக அறுவடை முடிந்த பிறகு, பங்குனியிலிருந்து. நிலம் காய்ந்திருக்கும், வைக்கோலும் உமியும் மலிவாகக் கிடைக்கும், வயல் வேலை இல்லாததால் உதவிக்கு ஆளும் வருவார்கள். எப்படியும் ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிட வேண்டும்.

இடமும் திசையும்

வீட்டுக் கோடியில், படுக்கையறைக்குக் காது கேட்கும் தூரத்தில் கட்டுங்கள். நாற்றம் வரும் என்று வளவின் மூலைக்குக் கொண்டுபோய் வைப்பவர்கள் உண்டு. அந்த மூலை நரிக்கும் மரநாய்க்கும்தான் வசதி. கோழி அலறினால் எழுந்து ஓடக்கூடிய தூரமே சரியான தூரம். யானை வந்துபோகும் ஊர்களில் இன்னொரு கவனமும் வேண்டும். நெல்லையும் தவிட்டையும் கூட்டுக்குப் பக்கத்தில் மூட்டையாக வைக்காதீர்கள். யானை கோழிக்காக வராது. நெல் மணத்துக்கு வந்தால் கூட்டையும் சேர்த்துத்தான் சாய்க்கும்.

கிணற்றை விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். மணற்பாங்கான நிலத்தில் எச்சத்தின் சாறு விரைவில் கீழே இறங்கிவிடும். கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கம் பார்த்துக் கட்டினால் இன்னும் நல்லது. ஆனால் மழைநீர் தேங்கும் பள்ளமாகவும் இருக்கக் கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூடிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் கூட்டை ஏன் கால் வைத்து உயர்த்த வேண்டும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை.

கூட்டின் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வன்னியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் உச்சிக்கு நேரே வரும். காலை வெயிலும் மாலை வெயிலும் கிழக்கிலும் மேற்கிலும் இருந்து அடிக்கும். அந்த இரண்டு பக்கங்களும் குறுகலாக இருந்தால் சூடு குறையும். மேற்கே ஒரு வேம்பு நின்றால் அதைவிட வேறு பாக்கியம் வேண்டாம். ஆனால் கிளை கூரையைத் தொடக் கூடாது. கூரைமேல் சாய்ந்த கிளை, பாம்புக்கும் மரநாய்க்கும் போட்டுக் கொடுத்த பாலம்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். சோளகம் வைகாசி முதல் தென்மேற்கிலிருந்து உலர்ந்து வீசும். ஆகவே வடக்குச் சுவரை அடைத்து, கூரையை அந்தப் பக்கம் தாழ்த்தி, தெற்கைத் திறந்து வலை அடிக்க வேண்டும். மழை முதுகில் விழும், காற்று முகத்தில் வரும். கூட்டின் வடிவம் முழுவதும் இந்த ஒரு தீர்மானத்திலிருந்துதான் வருகிறது.

பொருட்கள்

கப்புகளுக்கு, அதாவது நிலத்தில் நடும் கால்களுக்கு, முதிரையும் பாலையும் முதல் தரம். கறையான் எளிதில் அண்டாது. ஆனால் காட்டில் மரம் வெட்டுவதும் அனுமதியில்லாமல் ஏற்றிவருவதும் வழக்கில் கொண்டுபோய் விடும். பனையைத் தறிப்பதற்கும் அனுமதி பெற வேண்டும். ஒரு கோழிக்கூட்டுக்காக நீதிமன்றப் படி ஏறுவதைவிட, மரக்காலையில் துண்டு மரம் வாங்குவதும், பழைய வீடு பிரித்த வளைகளையும் கைமரங்களையும் தேடி எடுப்பதும் மேல். பழைய முதிரைக் கைமரம் கிடைத்தால் விடாதீர்கள். ஆணி இறங்க மறுக்கும். அதற்குத் துளையிட்டு அடிக்கலாம்.

தேவையானவை இவை: 3 அல்லது 4 அங்குலத் தடிப்பில் 8 அடிக் கப்பு மூன்று, 7 அடிக் கப்பு மூன்று, தளத்தைத் தாங்க 6 அடி வளை இரண்டு, 4 அடிக் குறுக்குச் சட்டம் மூன்று, கூரைக்கு 8 அடி வளை இரண்டு, 8 அடிக் கைமரம் நான்கு, குறுக்கே ஓட 8 அடிச் சிலாகை (ஒடுங்கிய நீளச் சட்டம்) மூன்று, தளத்துக்கு ஒன்றேகால் அங்குல அகலமுள்ள 6 அடிச் சிலாகை இருபத்துநான்கு. இவற்றோடு 8 அடித் தகரம் நான்கு, 3 அடி அகலமுள்ள, அரை அங்குலக் கண் வைத்த வெல்ட் மெஷ் (ஒட்டுக் கம்பி வலை) 15 அடி, சீமெந்து ஒரு பை, ஆணி, யூ ஆணி, கட்டுக்கம்பி, பிணைச்சல், கொண்டி ஆகியவை. கதவுச் சட்டத்துக்கும் முட்டைப் பெட்டிக்கும் துண்டுப் பலகைகள் போதும்.

போருக்குப் பிந்திய மீள்குடியேற்ற காலத்தில் தற்காலிக வீட்டுக்குக் கிடைத்த தகரங்கள் இன்னும் பல வளவுகளில் அடுக்கிக் கிடக்கின்றன. துரு ஓட்டை விழாதவை கோழிக்கூட்டுக்கு நன்றாகவே உதவும். அந்த அடுக்கைக் கையால் தூக்காமல், முதலில் தடியால் தட்டி ஒரு நுனியை நெம்பிப் பாருங்கள். அடியில் புடையன் பாம்பு சுருண்டு கிடப்பது வன்னியில் அதிசயமல்ல.

வலையைப் பற்றி ஒரு சொல். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழி வலை மலிவு. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியிலிருப்பது உள்ளே வராமல் தடுக்கப் போதாது. நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், கண் வழியே கீரி தலையை நுழைத்துவிடும். கண்ணை வைத்துத்தான் வலை வாங்க வேண்டும். உங்கள் பெருவிரல் தாராளமாக நுழையுமானால் அது குஞ்சுக்கு ஆகாது. அரை அங்குல வெல்ட் மெஷ் விலை கூடத்தான். அந்தக் காசை இரண்டு கோழிகளின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மனம் ஆறும்.

குழியும் கப்பும்

நூல் பிடித்து 6 அடிக்கு 4 அடியாக நான்கு மூலைக்கும் முளை அடியுங்கள். நீளப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொரு முளை, மொத்தம் ஆறு. மூலைகள் சரியா என்று பார்க்க எதிர்மூலைகளை அளவுங்கள். இரண்டு அளவும் 7 அடி இரண்டரை அங்குலம் வந்தால் கட்டடம் நேர். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் முளையை நகர்த்துங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால், தகரம் போடும்போது ஒரு பக்கம் ஓரமாக இழுத்துக்கொண்டு நிற்கும், கதவு ஒருநாளும் ஒழுங்காகப் பொருந்தாது.

ஒவ்வொரு குழியும் ஒன்றரை அடி ஆழம், 9 அங்குல அகலம். அலவாங்கு போடுமுன் ஓர் எச்சரிக்கை. போர் நடந்த பகுதிகளில், அதுவும் இதுவரை கொத்தாத நிலத்தில், அலவாங்கு நுனியில் உலோகச் சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். கையால் கிண்டிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளை அருகில் விட வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். 2009இல் போர் முடிந்தாலும் நிலத்துக்குள் இருப்பவை தாமாகப் போய்விடவில்லை.

கப்பின் அடி இரண்டடிக்குத் தார் அல்லது கழிவு ஒயில் இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். கறையான் நுழைவது பெரும்பாலும் வெட்டுமுகத்தின் வழியே என்பதால் அடி வெட்டுமுகத்தைத் தாராளமாக நனைக்க வேண்டும். குழியின் அடியில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டு அதன்மேல் கப்பை நிறுத்துங்கள். சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு, சல்லி நான்கு என்று குழைத்து நிரப்பலாம். ஆறு குழிக்கும் ஒரு பை போதும். மேல்முகத்தைக் கப்பிலிருந்து வெளிப்புறமாகச் சரித்து மெழுகிவிட்டால் மழைநீர் கப்பின் அடியில் தேங்காது. சீமெந்துக்கு வசதியில்லையென்றால் கிரவலை அரை அடி அரை அடியாகப் போட்டு அலவாங்கின் பின்புறத்தால் இடித்து இறுக்குங்கள். அதுவும் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

8 அடிக் கப்புகள் மூன்றும் தெற்கே, 7 அடிக் கப்புகள் வடக்கே. ஒன்றரை அடி நிலத்துக்குள் போனபின் தெற்கே ஆறரை அடியும் வடக்கே ஐந்தரை அடியும் வெளியே நிற்கும். 4 அடி அகலத்தில் ஓர் அடிச் சரிவு தகரத்துக்குத் தோதானது. தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தபின் முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று நாட்கள் தொடாமல் விடுங்கள்.

தளம்

கூட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சீமெந்துத் தரையிலோ மண்ணிலோ அடையும் கோழி தன் எச்சத்திலேயே நின்று தூங்குகிறது. மாரியில் அந்த ஈரத்திலிருந்து எழும் காரநெடி கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். நோய்க்கு மருந்து தேடுமுன் தளத்தைத் தேட வேண்டும். சிலாகைத் தளத்தில் எச்சம் தானாகக் கீழே விழுந்துவிடும், காற்று அடியிலிருந்து ஏறும்.

நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில், நீளப் பக்கங்களின் கப்புகளில் 6 அடி வளைகளை உட்புறமாகப் பொருத்துங்கள். ஆணியை மட்டும் நம்பாமல் வளைக்கு அடியில் ஒரு கட்டை வைத்து அடித்தால் பாரம் கட்டையில் இறங்கும். அவற்றின்மேல் இரண்டு அந்தத்திலும் நடுவிலும் குறுக்குச் சட்டங்கள். மட்டப்பலகை இல்லாவிட்டால் ஒரு போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றிப் படுக்க வைத்துப் பாருங்கள், அதுவே போதும்.

இப்போது சிலாகை. ஒன்றேகால் அங்குலச் சிலாகை, முக்கால் அங்குல இடைவெளி என்று மாறி மாறி அடித்துக்கொண்டு போனால் இருபத்துநான்கு சிலாகையில் 4 அடி நிறையும். இடைவெளிக்கு ஒவ்வொரு முறையும் அளவுநாடா பிடிக்காதீர்கள். முக்கால் அங்குலத் தடிப்பில் ஒரு கட்டையைச் சீவி, இரண்டு சிலாகைக்கும் நடுவில் செருகி அடித்துவிட்டு உருவி எடுங்கள். எல்லாம் ஒரே சீராக வரும். இடைவெளி இதைவிடக் கூடினால் கோழியின் கால் சிக்கும், குறைந்தால் எச்சம் மேலேயே தங்கும். சிலாகை அகலமானாலும் இதே கதைதான். 3 அங்குலப் பலகையை அடித்துவிட்டு ஏன் நாறுகிறது என்று கேட்பவர்களை அறிவேன்.

பனஞ்சிலாகையின் ஓரங்களில் சிராம்பு நிற்கும். அடித்து முடித்ததும் ஒரு பழைய சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு, சிலாகை ஓடும் திசையில் அழுத்தி இழுங்கள். நூல் சிக்கும் இடங்களில் எல்லாம் சிராம்பு இருக்கிறது. அங்கே அரம் போடுங்கள். கோழியின் உள்ளங்காலில் ஏறும் சிறு சிராம்புதான் பின்னால் வீங்கி, கறுத்த காய்போல் ஆகி, கோழியை நொண்ட வைக்கும்.

கூரை

வடக்கேயும் தெற்கேயும் கப்புகளின் தலையில் 8 அடி வளைகளை ஏற்றி, இரு பக்கமும் ஓரடி வெளியே நீட்டி விடுங்கள். அவற்றின்மேல் நான்கு கைமரங்கள், கைமரங்களுக்குக் குறுக்கே மூன்று சிலாகைகள். 8 அடித் தகரத்தை வெட்டாமல் அப்படியே போட்டால் முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டடி தாழ்வாரம் கிடைக்கும். வடக்குத் தாழ்வாரம் தலையில் இடிக்கும் உயரத்தில் இறங்கும். முட்டை எடுக்கும் வழியை அந்தப் பக்கம் வைக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

தகரத்தில் ஆணி அடிக்கும்போது நெளிவின் மேட்டில் அடியுங்கள், பள்ளத்தில் அல்ல. தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். ஆணிக்கு அடியில் ரப்பர் வாசர் இருக்கட்டும். பழைய தகரத்தில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளைத் துணித் துண்டும் தாரும் வைத்து அடைக்கலாம். சோளகம் தெற்கிலிருந்து நுழைந்து கூரையை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும் என்பதால், ஒவ்வொரு கைமரத்தையும் வளையோடும், வளையைக் கப்போடும் கட்டுக்கம்பியால் இரட்டையாகச் சுற்றி முறுக்குங்கள். ஆணி மட்டும் இந்த வேலைக்குப் போதாது.

வெறும் தகரம் பங்குனி சித்திரையில் அடுப்புச் சட்டிதான். அதன்மேல் கிடுகு அல்லது பனையோலை ஒரு படை பரப்பி, மேலே இரண்டு கம்புகள் போட்டுக் கட்டிவிடுங்கள். நனையாமல் காப்பது தகரத்தின் வேலை, சூட்டைத் தடுப்பது ஓலையின் வேலை. இரண்டும் சேர்ந்தால் ஓலை கொஞ்சம் மக்கினாலும் கவலையில்லை. தகரமே இல்லாமல் ஓலை மட்டும் வேய விரும்பினால் இந்தச் சரிவு போதாது, ஒழுகும். அப்போது நடுவில் முகடு வைத்து இரு பக்கமும் நல்ல சரிவாக இறக்க வேண்டும். ஓலைக்குள் எலி கூடு வைக்கும், எலியைத் தேடிச் சாரை வரும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சுவர்களும் கதவும்

வடக்கே தளத்திலிருந்து மேலே நாலு அங்குலம் விட்டு முழுவதும் அடைப்பு. பலகை வேண்டும் என்றில்லை. பனைமட்டையை நெருக்கி வரிந்தால் மழை தடைபடும், மூச்சும் விடும். மேலே விட்ட நாலு அங்குலத்தில் வலை. சூடான காற்று வெளியேற அந்த வழி கட்டாயம் வேண்டும். கிழக்கே கீழ்ப்பாதி மட்டை, மேற்பாதி வலை. அந்த வலைக்கு வெளியே ஒரு தறப்பாள் துண்டைச் சுருட்டிக் கட்டி வைத்தால் அடைமழை நாட்களில் மட்டும் அவிழ்த்துவிடலாம். தறப்பாளின் கீழ்நுனியில் ஒரு கம்பைக் கோத்து விடுங்கள், இல்லையேல் வாடையில் இரவெல்லாம் படபடவென்று அடித்துக் கோழிகளை வெருட்டும்.

தெற்கு முழுவதும் வலை, கீழே மட்டும் ஓரடிப் பலகை. யூ ஆணியை நாலு அங்குலத்துக்கு ஒன்றாக அடித்து, வலையின் ஓரத்தின்மேல் ஒரு மெல்லிய சட்டம் வைத்து மூடுங்கள். கள்ளன் நடுவலையைக் கிழிப்பதில்லை, ஓரத்தைத்தான் இழுத்துப் பார்ப்பான்.

கதவுகள் இரண்டு. ஒன்று நீங்கள் குனிந்து உள்ளே கைவைத்துத் துப்புரவு செய்ய, 2 அடிக்கு 3 அடி. மற்றது கோழி ஏறி இறங்க, ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மேலிருந்து கீழே இறங்கும் தள்ளுகதவாக வைத்தால் தூரத்திலிருந்தே கயிற்றால் தூக்கலாம். பெரிய கதவுக்குக் கொண்டி போட்டு, கொண்டிக்குள் ஒரு வளைகம்பியையும் செருகுங்கள். சுழற்றும் மரத்தாழ்ப்பாளைக் குரங்கு பார்த்தே பழகிவிடும். அதற்கு முட்டை மேல் ஆசை அதிகம்.

கோழி ஏறும் ஏணி ஓரடி அகலப் பலகை. அரை அடிக்கு ஒரு சட்டம் குறுக்கே அடித்தால் வழுக்காது. இரவில் அந்த ஏணியை எடுத்துவிட வேண்டும். ஆறு கப்பிலும் நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் தொடங்கி ஒன்றரை அடி உயரத்துக்கு வழுவழுப்பான தகடு சுற்றி ஆணி அடியுங்கள். எலிக்கும் பாம்புக்கும் அதில் பிடி கிடைக்காது. தகட்டைச் சுற்றிவிட்டு ஏணியை அப்படியே விடுவது, படலையைப் பூட்டிவிட்டு வேலியில் ஓட்டை விடுவதற்குச் சமம். கூட்டைத் தொட்டுக்கொண்டு கதியால், விறகு அடுக்கு, கொடிக்கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். எறும்பு ஏறும் காலத்தில் தகட்டுக்கு மேலே கழிவு ஒயிலில் நனைத்த துணியைக் கட்டுங்கள். செவ்வெறும்பு ஓர் இரவில் பொரிக்கும் தறுவாயிலிருந்த முட்டைகளை முடித்துவிடும்.

உள்ளே

அடையும் கம்புகள் இரண்டு, நீளவாக்கில், தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். இரண்டும் ஒரே உயரம். ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்தால் மேல்கம்புக்கு ஒவ்வொரு மாலையும் சண்டை நடக்கும், கீழே இருப்பதன் தலையில் மேலே இருப்பதன் எச்சம் விழும். கம்பு இரண்டு அங்குலத் தடிப்பில் உருண்டையாக, பட்டை உரித்ததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். கோழி ஒன்றுக்கு 8 அங்குலம் போதும். இங்கே 12 அடிக் கம்பு இருக்கிறது. சுவரிலிருந்து ஓரடி, கம்புக்குக் கம்பு ஓரடிக்கு மேல்.

முட்டைப் பெட்டி மூன்று, ஒவ்வொன்றும் ஓரடிக்கு ஓரடி, உயரம் 14 அங்குலம். மேற்குச் சுவரில் வெளிப்புறமாகப் பொருத்தி, மேலே சரிவான மூடி வைத்தால் கூட்டுக்குள் நுழையாமலே முட்டை எடுக்கலாம். மூடிக்கும் கொண்டி வேண்டும். பெட்டியின் அடி, அடையும் கம்பைவிடத் தாழ்ந்திருப்பது அவசியம். கோழி உயர்ந்த இடத்தைத் தேடித்தான் தூங்கும். பெட்டி உயரமானால் அதிலேயே தூங்கி அதிலேயே எச்சமிடும். உள்ளே வைக்கோலும் காய்ந்த வேப்பிலையும் போடுங்கள். முதல் வாரத்தில் ஒரு கூழ்முட்டையைப் பெட்டியில் விட்டு வைத்தால் மற்றவை வேலியோரம் தேடாமல் அங்கே வந்து இடும்.

தீனிப் பாத்திரத்தைக் கூட்டுக்குள் வைக்காதீர்கள். சிந்திய குறுணல்தான் எலிக்கு அழைப்பிதழ். தண்ணீர் மட்டும் ஒரு சிறு பாத்திரத்தில் இருக்கலாம், தினமும் மாற்றினால்.

கோழியைப் பழக்குவது

புதுக் கூட்டைக் கட்டிவிட்டால் கோழி தானாக வந்து அடையும் என்று எதிர்பார்க்காதீர்கள். முருங்கையிலும் மாமரத்திலும் ஏறிப் பழகிய ஊர்க்கோழி புதுக் கூட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு மரத்துக்கே போகும். இரவில் பிடித்துக் கூட்டுக்குள் விட்டு, ஒரு வாரம் வெளியே விடாமல் உள்ளேயே தீனியும் தண்ணீரும் கொடுங்கள். இந்த ஒரு வாரம் மட்டும் தீனி உள்ளே. பிறகு மாலையில் சற்று முன்னதாகத் திறந்துவிட்டு, மம்மல் பொழுதில் கூட்டு வாசலில் குறுணல் எறிந்து கூப்பிடுங்கள். ஓரிரண்டு பிடிவாதக்காரப் பேடுகள் மரத்தை விடமாட்டா. அவற்றை இன்னும் சில இரவுகள் கையால் இறக்க வேண்டியிருக்கும்.

இருட்டியபின் எண்ணிப் பார்த்துக் கதவு சாத்துவதை வீட்டில் ஒருவரின் பொறுப்பாக்குங்கள். எல்லாருக்கும் பொதுவான வேலை, ஒருவரும் செய்யாத வேலை.

பராமரிப்பு

கூட்டின் அடியில் ஒரு படை உமி பரப்பி வையுங்கள். எச்சம் அதில் விழுந்து உலரும். வாரம் ஒருமுறை வாரிக் குவித்து மக்கவிட்டால் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பயிற்றைக்கும் வேறு பசளை தேட வேண்டாம். பச்சை எச்சத்தை நேரே செடியின் அடியில் போட்டால் வேர் கருகும்.

கூட்டுக்கு அருகே கூரை நிழலில் ஒரு பழைய டயருக்குள் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து நிரப்பி விடுங்கள். கோழி அதில் புரண்டு தன் செள்ளையும் பேனையும் தானே தீர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இதைக் காயவைத்து மாற்றாவிட்டால் பயனில்லை. கம்புகளின் அந்தங்களிலும் சிலாகை இடுக்குகளிலும் பகலில் ஒளிந்து இரவில் இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணி ஒன்று உண்டு. இரவில் கம்புக்கு அடியில் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை தெரிந்தால் கோழிகளை வெளியே விட்ட ஒரு பகலில் இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடியுங்கள். நல்ல கூடும் தடுப்பூசிக்கு ஈடாகாது. இராணிக்கெட் என்னும் கோழிக் கொள்ளைநோய் வந்தால் ஒரு வாரத்துக்குள் வளவே வெறிச்சோடிவிடும். உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசி போடும் காலத்தைக் கேட்டு, கோழி நலமாக இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

குஞ்சுகளை இந்தக் கூட்டில் விட வேண்டாம். முக்கால் அங்குல இடைவெளி அவற்றுக்குக் கிடங்கு. தாயோடு தரையில், 3 அடிக்கு 2 அடிப் பெட்டியில் எல்லாப் பக்கமும் அரை அங்குல வலை அடித்து, அடியிலும் வலை வைத்து மேலே உமி பரப்பி, இரண்டு மாதம் தனியாக வளருங்கள். பகலில் பருந்தும் காகமும் கீரியும் குஞ்சைத்தான் குறிவைக்கும் என்பதால், முதல் சில வாரங்கள் வெளியே விட்டாலும் கரப்புக் கூடை கவிழ்த்து வைப்பது நல்லது.

தொகை இருபதைத் தாண்டும்போது இந்தக் கூட்டையே நீட்ட ஆசை வரும். நீட்டாதீர்கள். இதே அளவில் இன்னொன்றைச் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். புதிதாக வாங்கிவரும் கோழியை முதல் இரண்டு வாரம் ஒதுக்கி வைக்கவும், நோய் கண்டதைப் பிரிக்கவும் அப்போது ஓர் இடம் இருக்கும்.